உள்ளூரில் முதலில் விளம்பரம்: கொழும்புக்கு எந்த விதி பொருந்தும்?

கொழும்பில் வெளிநாட்டுத் தொழிலாளரைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. நம் பிள்ளைகள் வேலை தேடி அலையும்போது கொம்பனித் தெருவிலும் துறைமுக நகரிலும் வெளிநாட்டவரை வைத்துக் கட்டடம் எழுப்புவது ஏன் என்பது ஒன்று. மேசனையும் தச்சரையும் தேடினால் அகப்படுவதில்லை, அகப்பட்டவரும் ஆறு மாதத்தில் கட்டாருக்கோ டுபாய்க்கோ போய்விடுகிறார் என்பது மற்றது. இரண்டிலும் உண்மை இருக்கக்கூடும். 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுச் சென்றார்கள் என்பதை மறந்துவிட்டு ஒப்பந்தகாரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் குறித்த ஒரு வேலைக்கு உள்ளூரில் ஆள் இருந்தாரா என்பதை அறிய வேண்டுமானால், அந்த வேலை இருப்பதை முதலில் ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலான வேளைகளில் இங்கே அது சொல்லப்படுவதே இல்லை.

வெளிநாட்டவர் ஒருவர் இலங்கையில் வேலை செய்வதற்கு வதிவிட விசா பெற வேண்டும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அதை வழங்குகிறது. வழங்குவதற்கு முன் துறைக்குரிய அமைச்சின் பரிந்துரையை அல்லது, முதலீட்டுச் சபையின் கீழ் வரும் நிறுவனமாயின், அச்சபையின் பரிந்துரையைக் கேட்கிறது. இதற்கு அடிப்படையான 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், ஆளைக் கொண்டுவருவதற்கு முன் வெற்றிடத்தை உள்ளூரில் விளம்பரப்படுத்தும்படி கேட்கவில்லை. ஆகவே பரிந்துரை செய்யும் அதிகாரி, தொழில்கொள்வோர் எழுதித்தரும் கடிதத்தையும் தமது அனுபவத்தையும் வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்ற ஒரு வரி அந்தக் கடிதத்தில் இருந்தால், அதைச் சரிபார்க்க அவர் கையில் எதுவும் இல்லை.

இந்த நிலையை மாற்றுவதானால் நம்முன் உள்ள தெரிவுகள் சில. வெற்றிடத்தை உள்ளூரில் விளம்பரப்படுத்தி, குறித்த நாட்கள் காத்திருந்த பின்னரே வெளிநாட்டவருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று விதிக்கலாம். விளம்பரத்தைக் கேட்காமல், ஒரு நிறுவனத்திலோ திட்டத்திலோ உள்ளூரவர் எவ்வளவு, வெளிநாட்டவர் எவ்வளவு என்று விகிதம் வகுக்கலாம். வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் தொழில்கொள்வோரிடமிருந்து ஒரு வரி அறவிடலாம். அல்லது இன்ன சம்பளத்துக்குக் குறைந்த வேலைக்கு வெளிநாட்டவரை எடுக்கவே கூடாது என்று ஒரு சம்பள எல்லை வைக்கலாம். உலகில் இவை நான்கும் நடைமுறையில் இருந்திருக்கின்றன. சில நாடுகள் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவியிருக்கின்றன. அந்தத் தாவல்களின் காரணங்களைப் பார்த்தால் நமக்குப் பாடம் கிடைக்கும்.

விளம்பர விதியிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் கேட்பவர் எவருக்கும் உடனே நியாயமாகப் படுவது அதுதான். அயர்லாந்தில் பெரும்பாலான வேலை அனுமதிகளுக்கு முன் 28 நாட்கள் விளம்பரப்படுத்த வேண்டும். கனடாவில் வெளிநாட்டவரை எடுப்பதற்கு அரசாங்கத்தின் ஒப்புதலாக அமையும் எல்எம்ஐஏ எனப்படும் மதிப்பீட்டைப் பெற, பெரும்பாலான வேலைகளுக்குக் குறைந்தது 4 வாரங்கள் அரசாங்க வேலை வங்கியிலும் வேறு வழிகளிலும் விளம்பரம் செய்திருக்க வேண்டும். நம்மவர் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த எழுத்துகள் மனப்பாடம். சிங்கப்பூர் 2014 ஆகஸ்டில் 14 நாட்கள் என்று தொடங்கி, கொவிட் காலத்தில் அதை 28 ஆக்கிப் பின்னர் மீண்டும் 14க்குக் கொண்டுவந்தது. பிரித்தானியாவோ 28 நாள் விளம்பர விதியைப் பல ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு, 2020 டிசம்பரில் அதை அடியோடு கைவிட்டது. அதைக் கைவிடும்படி அந்நாட்டின் குடிவரவு ஆலோசனைக் குழு 2018இலேயே பரிந்துரைத்திருந்தது.

ஏன் கைவிட்டார்கள்? விளம்பரம் செய்பவரே விண்ணப்பங்களைப் பெறுகிறார், அவரே நேர்முகம் நடத்துகிறார், தகுதியானவர் எவரும் வரவில்லை என்று அவரே எழுதுகிறார். ஆளை முன்பே தெரிவுசெய்துவிட்ட ஒருவருக்கு அந்த 28 நாட்களும் காத்திருப்புக் காலமே ஒழிய, தேடும் காலமல்ல. இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே நிரந்தர வதிவிடத்துக்கு ஒருவரைப் பரிந்துரைப்பதற்கு முன், ஞாயிறு பத்திரிகையில் இருமுறை விளம்பரம் செய்வது உள்ளிட்ட படிகளைத் தாண்ட வேண்டும். பேஸ்புக் நிறுவனம் தன் மற்ற வெற்றிடங்களை இணையத்தில் அறிவித்து இணையத்திலேயே விண்ணப்பம் பெற்றபோது, இந்த வகை வெற்றிடங்களுக்கு மட்டும் தன் வேலைவாய்ப்பு இணையத்தளத்தில் அறிவிக்காமல் தபால்மூல விண்ணப்பம் கேட்டது என்று அமெரிக்க நீதித் திணைக்களம் 2020இல் வழக்குத் தொடுத்தது. அந்த 2,600க்கும் மேற்பட்ட பதவிகளில் 99.7 வீதமானவற்றுக்கு அமெரிக்கத் தொழிலாளர் ஒருவர் மட்டும் விண்ணப்பித்தார் அல்லது எவருமே விண்ணப்பிக்கவில்லை. அதே தரத்திலான மற்றப் பதவிகளுக்குச் சாதாரணமாக நூறும் அதற்கு மேலும் விண்ணப்பங்கள் வந்தன என்பது திணைக்களத்தின் கூற்று. 2021இல் 14.25 மில்லியன் டொலர் வரையிலான தொகைக்கு அவ்வழக்கு இணக்கமாகத் தீர்ந்தது. 2023இல் அப்பிள் நிறுவனமும் இதையொத்த குற்றச்சாட்டில் 25 மில்லியன் டொலருக்கு இணங்கியது. விளம்பரம் செய்யப்பட்டது, விதி நிறைவேறியது, ஆனால் செய்தி எவர் காதிலும் விழவில்லை.

நம் ஊரில் இதே காரியம் திட்டமிடாமலே நடந்துவிடும். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஓர் உணவகத்தின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அறிவித்தலை நின்று வாசித்துப் பாருங்கள்: சமையலுக்கும் பரிமாறவும் ஆட்கள் தேவை, உணவும் தங்குமிடமும் தரப்படும், நேரில் வரவும். சம்பளம் எவ்வளவு, வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டப்படுமா என்பதெல்லாம் அதில் இருக்காது. அந்தத் தாள் வெயிலில் வெளுத்துப்போகும்வரை எவரும் வராவிட்டால், கொழும்பில் சமைக்க ஆளில்லை என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. அந்தச் சம்பளத்துக்கும் அந்த நேரத்துக்கும் ஆளில்லை என்பதுதான் அதிலிருந்து பெறக்கூடிய முடிவு. இதன் மறுமுனையில் பெரிய நிறுவனங்களின் விளம்பரங்கள் இருக்கின்றன. அவை ஆங்கிலத்தில், ஆங்கிலப் பத்திரிகையின் ஞாயிறு இதழிலோ வேலைவாய்ப்பு இணையத்தளத்திலோ வருகின்றன. ஹட்டனிலிருந்து வந்து புறக்கோட்டையில் சாமான் இறக்கும் இளைஞன், மட்டக்குளியில் வாடகை அறையில் இருந்துகொண்டு மின் இணைப்பு வேலை கற்றவன் ஆகியோரின் கண்ணில் அவை படுவதில்லை. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் ஒரு வெல்டருக்கான விளம்பரம் தமிழில் வருவது இன்றும் அரிதாகவே இருக்கிறது. ஆகவே இலங்கை விளம்பர விதியை ஏற்குமானால், எத்தனை நாட்கள் என்பதைவிட எந்த மொழியில், எந்த இடத்தில், என்ன சம்பளம் என்று போட்டு என்பதே என் கண்ணில் பெரிய கேள்வி.

கனடாவின் விதியில் நான் மதிக்கும் பகுதி இதனோடு தொடர்புடையது. அங்கே விளம்பரத்தில் சம்பளம் குறிப்பிடப்பட வேண்டும். குறைந்த சம்பள வேலைகளாயின், பூர்வகுடியினர், மாற்றுத்திறனாளிகள், புதிதாக வந்து குடியேறியோர், பின்தங்கிய இளையோர் என வழக்கமாகத் தவறவிடப்படுவோரை நாடிப்போய் அறிவித்ததையும் காட்ட வேண்டும். அப்படியிருந்தும் கனடா விளம்பரத்தோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2024 செப்டெம்பரில், குறைந்த சம்பள வேலைகளில் ஒரு தொழில்கொள்வோர் வைத்திருக்கக்கூடிய தற்காலிக வெளிநாட்டவரின் பங்கைப் பெரும்பாலான துறைகளில் 10 வீதமாகக் குறைத்தார்கள். வேலையின்மை 6 வீதமோ அதற்கு மேலோ உள்ள பெருநகரங்களில் அவ்வகை விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதையே பெரும்பாலும் நிறுத்தினார்கள். நிரந்தர வதிவிடத்துக்கான புள்ளிக்கணக்கில் எல்எம்ஐஏக்குக் கிடைத்துவந்த கூடுதல் புள்ளிகளையும், அந்தக் கடிதங்கள் பணத்துக்கு விற்கப்படுவதைத் தடுக்கும் பொருட்டு, 2025 மார்ச்சில் நீக்கினார்கள். அப்படி விற்கப்பட்ட கடிதங்களுக்காக யாழ்ப்பாணத்தில் காணியை ஈடுவைத்தவர்களை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அனுமதிக்கு விலை ஏற்படும் இடமெல்லாம் அந்த விலையை இறுதியில் தொழிலாளியே கட்டுகிறார்.

விகிதத்தின் பக்கம் வருவோம். சவூதி அரேபியா 2011இல் கொண்டுவந்த நிதாகத் முறை இதற்குப் பெயர்பெற்றது: துறையையும் நிறுவனத்தின் அளவையும் பொறுத்து உள்நாட்டவரின் பங்கு கணிக்கப்பட்டு, நிறுவனங்கள் நிறங்களால் தரம்பிரிக்கப்பட்டன, சிவப்பில் விழுந்த நிறுவனம் புதிய விசா பெற முடியாது. சிங்கப்பூரும் தொழிலாளர் மட்டத்து அனுமதிகளுக்குத் துறைவாரியாக உச்சவரம்பு வைத்திருக்கிறது. விகிதத்தின் பலம், அதைச் சோதிப்பது எளிது என்பதுதான். எவரும் எவருடைய மனத்துக்குள் நுழைந்து பார்க்க வேண்டியதில்லை; சேமலாப நிதிப் பதிவையும் விசாப் பதிவையும் அருகருகே வைத்து எண்ணினால் போதும். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. எண்ணிக்கையை நிரப்புவதற்காகப் பெயருக்கு ஆட்களைப் பதிவுசெய்து, வேலை கொடுக்காமல் சிறு தொகை மட்டும் கொடுத்துவரும் வழக்கம் வளைகுடாவில் உருவானது. அத்தோடு பத்துப்பேர் மட்டும் உள்ள பட்டறை ஒன்றுக்கு விகிதம் பொருளற்றது. ஆயினும் நூற்றுக்கணக்கானோர் ஒரே இடத்தில் வேலைசெய்யும் நிர்மாணத் திட்டங்களுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. 269 ஹெக்டேயர் கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகர் போன்ற திட்டமொன்றில் ஒவ்வொரு வெல்டருக்கும் தனித்தனி விளம்பரம் கேட்பது வீண். ஒப்பந்தம் எழுதும்போதே எந்தத் தரத்தில் எத்தனை பேர் உள்ளூரவர், வெளிநாட்டு நிபுணர் ஒவ்வொருவரின் கீழும் எத்தனை உள்ளூர்ப் பயிலுநர் என்று எழுதிவிட வேண்டும். திட்டம் தொடங்கிய பிறகு கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: நேரமில்லை.

வரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரித்தானியா 2017இலிருந்து பெரிய நிறுவனங்களிடம், தாங்கள் கொண்டுவரும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 1,000 பவுண் அறவிடத் தொடங்கியது. சிங்கப்பூர் மாதாந்தம் அறவிடுகிறது. சட்டப்படி அது தொழில்கொள்வோரின் சுமை. இடைத்தரகர்களின் கை ஓங்கிய நம் பிராந்தியத்தில் அது தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படாது என்று நம்புவதற்கு எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ கடன்பட்டு வரும் ஒருவரின் தலையில் இன்னொரு கடனை ஏற்றி, அதை உள்ளூர்த் தொழிலாளரின் பாதுகாப்பு என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

சம்பள எல்லை மேல்மட்டத்துக்குப் பொருத்தமானது. விமானப் பொறியியலாளர், பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையற்காரர், மென்பொருள் கட்டமைப்பாளர் போன்றோருக்கு நல்ல சம்பளம் கொடுத்து ஒரு நிறுவனம் அழைக்கும்போது, மலிவான கூலிக்காக அழைக்கிறது என்ற ஐயம் எழுவதில்லை. விளம்பரம் கேட்டுக் காலம் கடத்தத் தேவையில்லை. சிங்கப்பூரும் மிக உயர்ந்த சம்பளத்துக்கு மேல் விளம்பர விதியிலிருந்து விலக்களிக்கிறது. கீழ்மட்டத்தில் இதற்கு வேலையே இல்லை. 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்த தேசிய குறைந்தபட்ச மாத வேதனத்தைவிடச் சற்றே கூடிய சம்பளம் பெறும் வேலைகளில்தான் நமது தகராறு முழுவதும் நடக்கிறது.

இந்த ஒப்பீட்டைக் கொழும்பில் இருந்து செய்யும் தமிழர், உள்ளூரவர் யார் என்ற கேள்வியை எளிதாகக் கடந்துபோகக் கூடாது. 1930களில் இதே நகரத்தில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் தொழிற்சங்க மேடையிலிருந்தே பிரசாரம் நடந்தது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியர்களை இலங்கை அரசு நிறுத்தியது. அதற்குப் பதிலடியாக இந்தியா அதே ஆண்டு ஆகஸ்டில் தன் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. குடிவரவுச் சட்டம் வந்த அதே 1948இல்தான் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்து, தலைமுறைகளாக இங்கே வாழ்ந்த மலையகத் தமிழரைப் பெருமளவில் நாடற்றவராக்கியது. உள்ளூரவர்க்கு முதலிடம் என்ற சொல்லை ஆயுதமாக எடுத்தவர்கள் நம்மவரையே உள்ளூரவர் அல்லர் என்று தள்ளிய வரலாறு இது. இதனால் விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி வருமானால், பிரஜை என்பதற்கு மேல் வேறெந்த அளவுகோலும் அதில் இருக்கக் கூடாது; அந்தப் பிரஜை வாசிக்கும் மொழியில் அறிவித்தல் இருக்க வேண்டும். சிங்களத்தில் மட்டும் போடப்பட்ட விளம்பரத்துக்கோ ஆங்கிலத்தில் மட்டும் போடப்பட்ட விளம்பரத்துக்கோ பதில் வராவிட்டால், அதை உள்ளூர்த் தேடலாகக் கணக்கிடவே கூடாது.

எனவே நிர்மாணத் திட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விகிதமும், மேல்மட்டப் பதவிகளுக்குச் சம்பள எல்லையும், இடையில் உள்ள தொழில்நுட்பத்தினர், மேற்பார்வையாளர், சமையற்காரர், இயந்திர இயக்குநர் ஆகியோருக்கு விளம்பர விதியும் என்பதே என் தெரிவு. இந்த இடைப்பகுதியில்தான் ஆள் இருந்தும் செய்தி சேராமல் போகிறது. ஆகையால் விளம்பரம் உண்மையிலேயே எதையாவது மாற்றக்கூடிய இடமும் இதுதான். ஆனால் விண்ணப்பம் தொழில்கொள்வோரின் மேசைக்கு மட்டும் போகக் கூடாது. பிரதேச செயலகங்களில் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். வெற்றிடம் மும்மொழியிலும் சம்பளத்தோடு அங்கே பதிவாகி, விண்ணப்பத்தின் பிரதியொன்று அவர்களிடமும் இருக்குமானால், எவரும் வரவில்லை என்ற கடிதத்தை அமைச்சின் அதிகாரி ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்துவிடலாம். கேட்கப்படும் தகைமையும் அங்கேயே பார்க்கப்பட வேண்டும்: உள்ளூர் வாடிக்கையாளரோடு பேசும் களஞ்சியப் பொறுப்பாளருக்குச் சீனமொழி தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினால், ஆள் ஏற்கெனவே தெரிவாகிவிட்டார் என்பது வெளிப்படை. தேசிய தொழிற்தகைமை மட்டங்கள் இருக்கும்போது அவற்றின்படி கேட்கலாம். படிக்காமல் வேலைத்தளத்திலேயே கற்றவர்கள் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் பெறும் வழியும் அந்த முறைக்குள் இருக்கிறது.

காத்திருக்கும் காலம் 14 நாட்கள் போதும் என்பது என் கருத்து. 28 நாட்கள் என்று வைத்தால், அவசரத்தில் இருக்கும் சிறு முதலாளி சுற்றுலா விசாவில் ஆளை இறக்கிவிடுவார்; அப்படி வந்து வேலைசெய்து பிடிபட்டவர்கள் பற்றிய செய்திகள் கொழும்பில் அடிக்கடி வருகின்றன, பிடிபடுபவர் நாடு கடத்தப்பட, அழைத்தவர் அடுத்தவரைத் தேடுகிறார். விதி கடைப்பிடிக்கக்கூடிய அளவில் இருந்தால்தான் மீறுபவரை உறுதியோடு தண்டிக்க முடியும். கோயில் திருப்பணிக்கு வரும் ஸ்தபதிகள், மரபுவழிக் கலைஞர்கள் போன்ற ஒருசிலருக்கு விலக்கு வேண்டும். கோபுரத்துச் சுதைவேலையை விளம்பரம் போட்டுத் தேடச் சொல்வது பயனற்றது. ஆனால் அந்த விலக்கின் பெயரில் கல் சுமக்கும் கையாட்களையும் சேர்த்து அழைத்துவராதபடி, பட்டியல் பெயர்வாரியாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் எஞ்சியிருக்கிறது, அது ஏற்கெனவே இங்கே இருப்பவர்களைப் பற்றியது. விதி நடைமுறைக்கு வரும் நாளில் செல்லுபடியான விசாவோடு வேலைசெய்பவர் எவரையும், அவரது ஒப்பந்தம் முடிவதற்கு முன் இந்தச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது. அவரது விசா ஒரு தொழில்கொள்வோரோடு கட்டுண்டிருக்கிறது. தாமதமான சம்பளத்தைக் கேட்டாலே திருப்பி அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டலுக்கு இந்த விதி கூடுதல் கருவியாகிவிடும். புதுப்பிக்கும்போது மட்டும், முந்திய ஆண்டில் அந்தப் பதவிக்கு உள்ளூரவர் எவரேனும் பயிற்றப்பட்டாரா என்பதை நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பயிற்றப்படவில்லையெனில் புதிதாக எவரையும் அழைக்கும் உரிமையை அந்த நிறுவனமே இழக்க வேண்டும். இருப்பவரின் விசா அதற்காக மறுக்கப்படக் கூடாது.